விடைக்கு முன்னால் ஒரு மூச்சு

முதலில் என் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வம்பெல்லாம் அதனால் வந்ததுதான். தேர்வு அலுவலகத்தில் நான் தட்டச்சர். வருஷத்துக்கு ஒரு நாள், பொதுத் தேர்வு அன்றைக்கு மட்டும், எனக்கு வேறு வேலை. கண் தெரியாத பிள்ளைகளுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் விடைக்கு உரிய வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். அடையாள அட்டையில் 'சொல்வதை எழுதுபவர்' என்று போட்டிருக்கும். பதினோரு வருஷம் செய்தேன். பதினோரு வருஷத்தில் என் மேல் ஒரு புகார் வந்திருக்குமா? மூச்!

வாசிப்பது என்றால் வாய்க்கு வந்தபடி வாசிப்பது இல்லை. குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. சரியான விடையைக் கொஞ்சம் அழுத்தி வாசித்துவிட்டால் பிள்ளை கப்பென்று பிடித்துக்கொள்ளுமே, அதற்காக. கேள்வி இரண்டு தடவை, நான்கு விடைகளும் இரண்டு தடவை, எல்லாம் ஒரே வேகம், ஒரே சத்தம். பயிற்சியில் எங்கள் கையில் டெலிபோன் டைரக்டரியைக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு கல்யாணப் பத்திரிகை. அப்புறம் ஒரு மரண அறிவிப்பு. மூன்றையும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் நடுவில் சிரித்துத் தொலைத்தார்கள். நான் வாசித்து முடித்ததும் பயிற்சி கொடுத்தவர், "இந்தம்மா குரல்ல உயிரே இல்ல. பிரமாதம்!" என்றார். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னால் என் வீட்டுக்காரர், "இது எனக்கு இருபது வருஷமாத் தெரியுமே" என்கிறார். அன்றைக்கு அவர் தட்டில் அவரே போட்டுச் சாப்பிட்டார்.

பொதுத் தேர்வு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே நூறு கேள்வி. எழுபத்தைந்து வாங்கினால் அறிவியல் பிரிவு. வாங்காவிட்டால் கைத்தொழில் பிரிவு. கண் தெரியாத பிள்ளைக்குக் கைத்தொழில் என்றால் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது, அவ்வளவுதான். எழுபத்து நாலு வாங்கிய பிள்ளைக்கும் எழுபத்தைந்து வாங்கிய பிள்ளைக்கும் மூளையில் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்டால் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பதில் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அந்த வருஷம் எனக்கு வந்தது ஒரு பதினாறு வயதுப் பெண். வாசிக்கிற சத்தம் மற்ற பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது என்று எங்களுக்குப் பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையை ஒதுக்கியிருந்தார்கள். காற்றுப் போன பந்துகள், சுருட்டி வைத்த வலை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மேஜை நடுவில் ஒலிப்பதிவுக் கருவி. வாசலில் காவலுக்கு ஓர் ஆசிரியர். நான் உள்ளே நுழைந்து நாற்காலியை இழுத்ததுமே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, செருப்பு புதுசா? இடது கால் மட்டும் கீச்சுங்குது."

எனக்கு நாற்பத்து நாலு வயது. அக்கா என்றதில் எனக்கு வர வேண்டிய கோபம் பாதி குறைந்துவிட்டது. "புதுசுதான். பேசாம உக்காரு" என்றேன்.

"வாசல்ல நிக்கிற சாருக்கு முழங்கால் வலி போல. ஒரு கால்லயே நிக்கிறாரு. அவருக்கு ஒரு நாற்காலி குடுக்கச் சொல்லுங்கக்கா."

திரும்பிப் பார்த்தேன். மனுஷன் நிஜமாகவே ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தார். சரியான வாயாடி என்று மனசுக்குள் பெயர் வைத்தேன். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்ததால், அறிவியல் பிரிவு கிடைத்தால் என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டேன்.

"சத்தம் எப்படிப் போகுதுன்னு படிக்கணும்க்கா. எங்க புத்தகத்துல வெளிச்சத்துக்கு இருபது பக்கம், சத்தத்துக்கு நாலே பக்கம். எழுதினவங்க எல்லாரும் கண்ணு தெரிஞ்சவங்க போல. மிச்சப் பதினாறு பக்கத்தை நான்தான் எழுதணும்."

சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஆனால் மணி அடித்ததும் பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, உயிர் இல்லாத குரலை எடுத்துக்கொண்டேன்.

முதல் பத்துப் பதினோரு கேள்விக்குத் திணறினாள். ஒவ்வொன்றுக்கும் உதட்டைக் கடிப்பாள், மேஜையை நகத்தால் சுரண்டுவாள், கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் குதிப்பதுபோல ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு, "சரியாக்கா?" என்பாள். நான் பதில் சொல்லக்கூடாது. "எழுதிட்டேன்" என்று மட்டும் சொல்வேன். பன்னிரண்டாவது கேள்வியில் என்ன ஆனதோ, முகம் தெளிந்துவிட்டது. தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் விறுவிறுவென்று போனாள். 'ஈ' வாசித்து வாயை மூடுவதற்குள் விடை வந்துவிடும். வாசல் ஆசிரியர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், படு கெட்டிக்காரி என்கிற மாதிரி.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்றாள். ஐம்பத்தெட்டாவது கேள்வி. ஒலி எதில் மிக வேகமாகச் செல்லும்? அ, காற்று. ஆ, நீர். இ, இரும்பு. ஈ, வெற்றிடம். கேள்வியைக் கேட்டதும் சிரித்தாள். விடைகளைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "அ" என்றாள். கறுப்பாக்கினேன். காற்றுதான் என்று எனக்கும் தெரியும், இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது, எது சரி எது தப்பு என்கிற விடைப் பட்டியலோடு. எழுபத்து நாலு.

அடுத்த நாளே அவளுடைய அப்பா என் மேஜை முன்னால் வந்து நின்றார். பூட்டு ரிப்பேர் செய்கிறவர். விரல் நகமெல்லாம் கறுப்பு. கையில் இருந்த பெரிய சாவிக் கொத்தை என் தட்டச்சுக் கருவிக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தார்.

"நீங்கதானே என் பொண்ணுக்கு எழுதினது? ஐம்பத்தெட்டாவது கேள்வியைத் தப்பா எழுதிட்டீங்க மேடம்."

எனக்குச் சுருக்கென்றது. "அவ சொன்னதை எழுதினேன்."

"அவ அதைச் சொல்லியிருக்கவே மாட்டா. எங்க வீட்டுக்கிட்ட ஒரு நீளமான நடைபாலம் இருக்கு. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இரும்புக் கைப்பிடி. அவளுக்கு ஏழு வயசுல இந்தப் பக்கம் அவளை நிக்க வச்சுட்டு, அந்தப் பக்கம் போய் இந்தச் சாவியால ஒரு தட்டு தட்டினேன். காதைக் கைப்பிடியில வச்சுக் கேட்டுட்டு, 'அப்பா, நீங்க ரெண்டு தடவை தட்டுனீங்க'ன்னா. நான் தட்டுனது ஒரு தடவைதான். முதல்ல இரும்பு வழியா வந்துச்சு, அப்புறம்தான் காத்து வழியா வந்துச்சு. அதை அவளே யோசிச்சுக் கண்டுபிடிச்சா. அந்தப் பொண்ணா போயிக் காத்துன்னு சொல்லுவா?"

விடை இரும்பு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதைப் பற்றி யோசிக்க என் ஆத்திரம் விட்டால்தானே! பதினோரு வருஷத்தில் ஒரு கறை கிடையாது, இவர் வந்து சாவிக் கொத்தை வைக்கிறார். முழு அலுவலகமும் திரும்பிப் பார்க்கிறது. "ஒலிப்பதிவு இருக்கு. போட்டுக் கேட்டுடலாம். வாங்க" என்று நானேதான் எழுந்தேன். நானேதான் மனுப் படிவத்தைத் தட்டச்சு செய்தேன். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி அறையில் போட்டார்கள். மேலதிகாரி, பூட்டுக்காரர், வாயாடி, நான். என் குரல் வந்தது. ஐயோ, என் குரலா அது! செத்துப்போன யாரோ கேள்வி வாசிக்கிறார்கள். கேள்வி முடிந்தது, விடைகள் முடிந்தன, நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அவள் குரல், தெளிவாக, "அ."

பூட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நான், "கேட்டீங்களா?" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இருந்த குஷியை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"திங்கட்கிழமை வந்து, சொன்னதைத்தான் எழுதினேன்னு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. முடிச்சுடலாம்" என்றார் மேலதிகாரி.

"சார், அதுக்கு முன்னாடி இருந்து ஒரு தடவை போடுங்க" என்றாள் வாயாடி.

போட்டார். "இன்னொரு தடவை சார்." போட்டார். அவள் மேஜைப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். எதைக் கேட்கிறாள் இவள் என்று நானும் காதைத் தீட்டினேன். மூன்றாவது தடவைதான் எனக்குக் கேட்டது. 'அ, காற்று' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு. சின்ன மூச்சு. உள்ளே இழுத்து, 'ஆங், இதுதான்' என்கிற மாதிரி. மற்ற மூன்றுக்கும் அது இல்லை.

வராந்தாவில் அவளைத் தனியாகப் பிடித்தேன். அவளுடைய அப்பா தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

"என் மூச்சைக் கேட்டுத்தான் சொன்னியா?"

"ஆமாக்கா." ஒளிக்கவே இல்லை. "எல்லா விடையையும் ஒரே மாதிரி வாசிச்சீங்க. இந்தக்கா மாதிரி யாரும் வாசிச்சதே இல்லன்னு பயமாப் போச்சு. பன்னெண்டாவது கேள்வியிலதான் மூச்சு கிடைச்சுது."

"இரும்புன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி காத்துன்னு சொன்ன?"

"நீங்க காத்துக்குத்தானே மூச்சு எடுத்தீங்க? கேள்வி கேக்குறவங்களுக்கு விடை தெரியாம இருக்குமா? பாலத்துல எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

அவளே சொன்னாள், யாரையும் குறை சொல்கிற குரலில் இல்லை. "இந்த வருஷம் மட்டும் நாப்பது மாதிரித் தேர்வு வச்சாங்க. எங்க டீச்சர் சரியான விடை வந்தா கொஞ்சம் நிதானமா வாசிப்பாங்க. கண்ணு தெரியுறவங்க டீச்சர் முகத்தைப் பாப்பாங்க, நான் குரலைக் கேப்பேன். கேக்குறவங்க மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதானேக்கா பரீட்சை?"

சனிக்கிழமை முழுக்க என் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் கேட்டது, கடையில் கேட்டது. வீட்டுக்காரர், "நீல சட்டையா, வெள்ளையா?" என்று கேட்டபோது கேட்டது. பதில் சொல்லாமல் நின்றதைப் பார்த்து, "என்ன, உடம்புக்கு முடியலையா?" என்றார். எதிர்வீட்டு மாடியில் ஓர் அம்மா தன் மகனிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழெட்டு எவ்வளவு? "ஐம்பத்து நாலு?" என்றது குழந்தை, அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே. அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "ஐம்பத்தஞ்சு?" இன்னும் சுருக்கம். "ஐம்பத்தாறு!" அம்மா கை தட்டினாள், குழந்தையும் தட்டியது. இத்தனை வருஷம் தினம் பார்த்த காட்சிதான். அன்றைக்கு மட்டும் பார்க்க முடியவில்லை. உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, நூறு கேள்விக்கும் நானே விடை எழுதினேன். மனுவோடு வந்த அவளுடைய விடைப் பட்டியலின் நகலை அப்புறம்தான் பக்கத்தில் வைத்தேன். பன்னிரண்டில் இருந்து நூறு வரைக்கும் எண்பத்தொன்பது விடை. எண்பத்தொன்பதும் ஒன்று. நான் எங்கே தப்போ அங்கே அவளும் தப்பு, எந்தத் தப்பான எழுத்தோ அதே எழுத்து. என்னுடைய இருபத்தாறு மடத்தனத்தையும் அந்தப் பெண் ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

அப்புறம் முதல் பதினொன்றைப் பார்த்தேன். அவள் என் மூச்சைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய பதினொன்று. உதட்டைக் கடித்து, மேஜையைச் சுரண்டி, தானே சொன்னவை. பதினொன்றும் சரி. அதில் எனக்கு நாலு தப்பு.

உட்கார்ந்து அழுதேன். ஒளித்து என்ன, வாய்விட்டு அழுதேன். எழுபத்தைந்து எந்த மூலைக்கு! நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பாள். அவள் பரீட்சையே எழுதவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை கையெழுத்துக்குப் பதிலாக ஒரு வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோனேன். என்னை அறியாமல் மூச்சால் விடையைக் காட்டிக்கொடுத்தேன், மாணவிக்கு மறுதேர்வு தர வேண்டும் என்று. மேலதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"மூச்சு விட்டதுக்கெல்லாம் எங்கேம்மா போய்ப் படிவம் தேடுறது?" என்றார். "பேசாம கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க. பதினோரு வருஷ நல்ல பேரு."

"எழுதினது எழுதினதுதான் சார்."

"அந்தப் பொண்ணோட எழுபத்து நாலும் செல்லாமப் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

பூட்டுக்காரரிடமும் நானே போய்ச் சொன்னேன். கடை வாசலில் நின்று, முதல் பதினொன்றைப் பற்றி எல்லாவற்றையும் விளக்கினேன். "தைரியமா இருங்க. தானா எழுதினா தொண்ணூறுக்கு மேல வாங்குவா. நான் சொல்றேன்" என்றேன். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே இருந்து வாயாடி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பெண் பயப்படுகிறாள், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

என்னைப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். தட்டச்சில் இருந்தும் எடுத்து, பழைய விடைத்தாள் அறைக்கு அனுப்பினார்கள். தரையில் இருந்து கூரை வரைக்கும் கட்டுக் கட்டாகக் கறுப்பு வட்டங்கள். அது கூடப் பரவாயில்லை. அவளுக்கு விசாரணை வைத்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்று பேர், இரண்டு நாள். அறை என் அறைக்கு எதிரே. நூறு கேள்வியையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது உனக்கே தெரியுமா, அந்தம்மா காட்டிக்கொடுத்ததா என்று கேட்டார்கள். தெரியும் என்றால், எப்படித் தெரியும், எந்தப் பாடம், எத்தனையாவது பக்கம்?

"பாலத்துல கேட்டேன் சார்."

"பாலம் பாடத்திட்டத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ தெரியும்னு எப்படிச் சொல்ற? நிச்சயமாத் தெரியுமா? யோசிச்சுச் சொல்லு."

முதல் பதினொன்றையும் விடவில்லை. சரியான விடை சொன்னதற்கும் அதே குடைச்சல். முதல் நாள் அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் அவர்கள் குரல் மட்டும்தான் கேட்டது. இடையில் எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. எனக்குச் சம்பந்தம் இல்லாத அறை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், நான் விதிக்குக் கட்டுப்பட்டவள், என்ன செய்ய.

மறுதேர்வுக்கு மனுஷக் குரல் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். இயந்திரம் வாசித்தது. அதற்கு மூச்சு கிடையாது, சந்தேகம் கிடையாது, பிடித்த பிள்ளை பிடிக்காத பிள்ளை கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நிமிஷம், அப்புறம் ஒரு மணி, அப்புறம் அடுத்த கேள்வி.

விடைத்தாளும் ஒலிப்பதிவும் கடைசியில் என் அறைக்குத்தான் கட்டி வைக்க வந்தன. கட்டைப் பிரித்தேன். அவள் விடை சொன்னது முப்பத்தொன்பது கேள்விக்கு. முப்பத்தொன்பதும் சரி. மற்ற அறுபத்தொன்றும் வெறும் வட்டம்.

ஒலிப்பதிவை ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. போட்டிருக்கக்கூடாது. இயந்திரம் கேள்வியை வாசிக்கிறது, விடைகளை வாசிக்கிறது, நிறுத்துகிறது. ஒன்றும் இல்லை. கவனித்துக் கேட்டால் நாற்காலி கிறீச்சிடுகிறது. அவள் முன்னால் சாய்கிறாள். இன்னும் கொஞ்சம் சாய்கிறாள். அது எங்கேயாவது மூச்சு எடுக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மணி. அடுத்த கேள்வி. மறுபடி நாற்காலி. அறுபத்தொரு தடவை அதைக் கேட்டேன். என்னைச் சுற்றி அத்தனை கட்டு விடைத்தாள். யார் முகத்தைப் பார்த்து, யார் குரலைக் கேட்டுக் கறுப்பாக்கின வட்டங்களோ! அன்றையில் இருந்து அந்த அறைக் கதவை நான் சாத்துவதில்லை.

ஒரு மாதம் வரைக்கும் அவர்கள் கடைப் பக்கம் போகத் தைரியம் வரவில்லை. போனபோது பூட்டுக்காரர், "வாங்க மேடம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. உள்ளே அவள் தரையில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவில் ஒரு நாற்காலிச் சட்டத்தை வைத்துக்கொண்டு பிரம்பு இழுத்துக்கொண்டிருந்தாள். புதுசாகச் சேர்ந்த வகுப்பில் வீட்டுக்குக் கொடுத்த வேலையாம். வேகமாகத்தான் பின்னினாள். என் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

"வெளியில வர்றதே இல்ல மேடம்" என்றார் அவளுடைய அப்பா, தாழ்ந்த குரலில். "பேச்சும் குறைஞ்சு போச்சு. நீங்க கொஞ்சம் தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்."

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். அடுத்த வருஷம் தனியாக எழுதலாம், நான் விசாரித்து வைத்திருக்கிறேன், அந்த மூன்று பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு மனு எழுதியிருக்கிறேன் என்று என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்றாள். "எழுதணும்னு ஆசை இருக்கா உனக்கு?" என்றேன். அதற்கும் "சரிக்கா" என்றாள்.

தெருமுனையில் ஒரு டீக்கடை. வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"காப்பி குடிக்கிறியா, டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

அவள் தலையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு எது பிடிக்கும்னு கேக்குறேன்" என்றேன், அந்தப் பழைய குரலில், காப்பிக்கும் டீக்கும் வித்தியாசம் தெரியாத குரலில். அவள் அசையவில்லை. கடைக்காரர் கரண்டியோடு நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பஸ் ஒன்று போனது. அவள் காத்திருந்தாள், பொறுமையாக, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். நான் பிடித்து வைத்திருந்தேன், நெஞ்சு வலிக்கிற வரைக்கும் பிடித்து வைத்திருந்தேன்.

"என்னம்மா, காப்பியா? டீயா?" என்று கடைக்காரர் கேட்டார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அவர் 'டீயா' என்று சொல்லும்போது மூச்சு வந்துவிட்டது.

"டீ" என்றாள் உடனே.

டீ வந்தது. முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.